'டி'யில் கிளம்பாத வண்டி

கோட்டாற்றில் நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் மின்விசிறிக்கு நேர் கீழேதான் என் இருக்கை. ஜனங்கள் நீட்டும் மருந்துச் சீட்டுகள் பறந்துபோகாமல் இருக்க, அவற்றின் மேல் கனமான ஒரு சாமானை வைத்திருக்கிறேன். உள்ளங்கை அளவுதான் இருக்கும். பாதி அலுமினியம், பாதி கறுப்புப் பிளாஸ்டிக். நடுவில் ஒரு துளை. ஓரத்தில் வயர் மாட்டுகிற வாய், அதற்குள் பச்சை பூத்துப்போன செம்பு ஊசிகள். "இது என்னதுக்கா, மிக்ஸிக்க சாமானா?" என்று கேட்பவர்கள் உண்டு. "காருக்க சாமான்" என்று மட்டும் சொல்லி மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவேன். முழுக்கதையையும் சொல்ல ஆரம்பித்தால் இருமல் மருந்துக்கு வந்தவர் இருமலை மறந்து நிற்பார், முதலாளி என்னை வேறு வேலை தேடச் சொல்லிவிடுவார்.

அது என் அண்ணனின் காரிலிருந்து கழற்றியது. கியர் எந்த இடத்தில் இருக்கிறது என்று வண்டிக்கு அறிவிக்கும் சுவிட்ச். அண்ணனுடையது கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார். கியர் லிவரின் பக்கத்தில் பி, ஆர், என், டி என்று எழுத்துகள் இருக்கும். நிறுத்திவைக்க பி, பின்னால் போக ஆர், சும்மா நிற்க என், முன்னால் போக டி. லிவர் பி-யிலோ என்-னிலோ இருந்தால்தான் சாவியைத் திருப்பும்போது எஞ்சின் கிளம்பும். டி-யில் வைத்துத் திருப்பினால் கிளம்பாது. கிளம்பினால் ஆள் ஏறி உட்காரும் முன்பே வண்டி தன்பாட்டுக்கு நகர்ந்துவிடும். அதை நடக்கவிடாமல் தடுப்பது இந்தச் சுவிட்சுதான். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அன்றைக்கு எங்கள் வீட்டில் அண்ணனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

அண்ணன் வளைகுடாவில் ஒரு அரபி வீட்டில் ஓட்டுநராக இருந்தவர். கல்யாணம் முடிந்த சூட்டோடு விமானம் ஏறிவிட்டார். லீவில் வந்தால் சோப்பையும் பால்பவுடரையும் சொந்தக்காரர்களுக்குப் பங்குவைத்து முடிப்பதற்குள் லீவு முடிந்துவிடும். அண்ணன் மனைவியை மைனி என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். மைனியும் அவரும் நடத்திய குடித்தனம் பெரும்பாலும் போனில் நடந்தது. சண்டையும் போனில்தான். போனை வைத்தால் சண்டை முடிந்தது. பிள்ளைகள் இல்லை. இடது முழங்கால் தேய்ந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் ஆன பிறகுதான் ஒரேயடியாக ஊருக்கு வந்தார். திருவனந்தபுரத்தில் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைப் பார்த்து வாங்கினார். பங்குச் சாமியார் வந்து மந்திரித்துக் கொடுத்தார், கண்ணாடியில் ஜெபமாலை ஏறியது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் மைனியின் மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. ஒரே கூரையின் கீழ் வாழ ஆரம்பித்ததே ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் என்பது போல ஆகிவிட்டது அவர்கள் நிலைமை. எனக்குக் கடவுள்மேல் வந்த கோபத்தை எந்தச் சாமியாரிடம் போய்ச் சொல்வது?

அறுவை சிகிச்சை, ஊசி மருந்து எல்லாம் முடிந்து, கடைசியாகக் கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். தினமும் திருவனந்தபுரத்துக்குப் போய்ப் படுத்து, கதிர்வீச்சு வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். இடையில் நிறுத்தினால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மைனிக்கு அப்போது எந்த வாசனையும் ஆகாது. மீன் வாசனையோடு பிறந்து வளர்ந்தவருக்கு மீன்கூடை தெருவில் போனால் குமட்டும். வெயிலில் கிடந்த காரைத் திறந்ததும் வருமே, ஒரு சீட்டு நாற்றம், அது அதைவிடவும் மோசம். அதனால் அண்ணன் வளைகுடாப் பழக்கத்தைக் கையில் எடுத்தார். அங்கே வெயிலில் நின்ற காருக்குள் யாரும் உடனே ஏற மாட்டார்களாம். வெளியே நின்றபடியே ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி ஏசியைப் போட்டுவிட்டு, உள்ளே போய்த் தேநீர் குடித்து முடித்து வருவார்களாம். அதற்குள் வண்டி குளிர்ந்திருக்கும். அண்ணனும் காலையில் அப்படித்தான் செய்வார். கார் குளிர்ந்த பிறகு மைனியைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து ஏற்றுவார். வாயால் ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாத மனுஷன், தனக்குத் தெரிந்த வழியில் காட்டிய பிரியம் அது என்று எனக்குப் பட்டது. மைனிக்கும் அப்படிப் பட்டதா என்று எனக்குத் தெரியாது.

எங்கள் ஊர் உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது. வண்டியின் சுவிட்சையும் அது விடவில்லை. லிவர் பி-யில் இருந்தாலும் சில நேரம் வண்டி கிளம்ப அடம்பிடிக்கும். அண்ணன் லிவரை முன்னும் பின்னும் ஆட்டிச் சமாளித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் திரும்பி வரும் வழியில், குழித்துறை தாண்டி ஒரு தேநீர்க் கடை ஓரமாக நிறுத்திய வண்டி அதற்குப் பிறகு எந்த ஆட்டத்துக்கும் மசியவில்லை. உச்சி வெயில். மைனி ஓடையோரம் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் எங்கிருந்தோ ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தார்கள். அவர் பானெட்டைத் திறந்து, சுவிட்சுக்குப் போகும் இரண்டு வயர்களை வெட்டி ஒன்றோடொன்று முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிட்டார். வண்டி உடனே கிளம்பியது. "இனி எந்த கியர்லயும் எடுக்கும், பாத்துக்கிடுங்க. சீக்கிரம் சுவிட்ச மாத்தணும்" என்று அவர் சொல்லத்தான் செய்தார். மாற்ற வேண்டும் என்றால் வண்டி ஒருநாள் நிற்க வேண்டும். ஒருநாள் நின்றால் ஒருநாள் கரண்ட் போய்விடும். கரண்ட் வைத்து முடியட்டும் என்று அண்ணன் தள்ளிப்போட்டார்.

அது நடந்த நாளுக்கு முந்தின மாலை நல்ல மழை. வந்து இறங்கும்போதே மைனிக்குத் தலை சுற்றியது. அண்ணன் முற்றத்தில் வண்டியை அணைத்துவிட்டு, சாவியை அதிலேயே விட்டுவிட்டு, மைனியைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோனார். லிவர் டி-யிலேயே இருந்தது. ஹேண்ட் பிரேக்கும் போடவில்லை. காலையில் மைனி வழக்கம்போலக் கேட்டுக்கு இந்தப் பக்கம் பூவரச மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காரின் முகம் அவரைப் பார்த்திருந்தது. அண்ணன் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். டி-யில் இருந்தால் எந்த வண்டியும் எடுக்காது என்பது அவர் கையில் ஊறிப்போன எண்ணம். அந்த எண்ணத்தைத்தான் கறுப்பு டேப் பொய்யாக்கியிருந்தது. வண்டி கிளம்பியது, கிளம்பிய வேகத்தில் மைனியைப் பார்த்து நகர்ந்தது. அடுத்த வீடுதான் என் வீடு; அடுக்களையில் நின்ற நான் சத்தம் கேட்டு ஓடிவந்தேன். அண்ணன் ஜன்னலில் தொங்கியபடி இழுபட்டுக்கொண்டே ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கை வளைத்தார். முன்சக்கரம் துவைக்கல்லில் போய் முட்டி நின்றது. பம்பர் நாற்காலியின் காலைத் தட்ட, மைனி சரிந்து விழுந்தார். எட்டிச் சாவியை அணைத்துவிட்டு அண்ணன் ஓடினார்.

மைனிக்கு முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. தலையில் கட்டியிருந்த துண்டு அவிழ்ந்து மொட்டைத் தலை தெரிந்தது. அதை மறைக்கக்கூடத் தோன்றாமல், தூக்கிவிட வந்த அண்ணனின் கையைத் தட்டிவிட்டு, "ஒரேயடியா தீத்துரலாம்னு பாத்தியளா?" என்று கேட்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் நாலு பேர் நின்றிருந்தார்கள். வயர் கதையை அண்ணன் அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்கு வயர் பதிலாகாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்றும் மறுநாளும் மைனி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. நான் டாக்ஸி பிடித்து வருகிறேன் என்றேன். "அவருக்க காரும் வேண்டாம், ஒனக்க டாக்ஸியும் வேண்டாம். என்னெ வச்சு எல்லாரும் கெடந்து பாடுபட்டது போதும்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. ஊரோ வேறு கதை பேசியது. கடையில் தலைவலி மாத்திரை வாங்க வந்த ஒருத்தி, "ஒனக்க அண்ணன் கைதவறித்தான் செய்தாராட்டி?" என்று சாதாரணமாகக் கேட்டாள். மாத்திரையை அவள் முகத்தில் எறியவேண்டும் போல இருந்தது. எறியவில்லை. ராத்திரி படுக்கும்போது அந்தக் கேள்வி எனக்குள்ளும் ஒரு மூலையில் கிடந்தது. அதுதான் என்னை அதிகம் வதைத்தது.

அண்ணன் தனியாகப் பஸ்ஸில் திருவனந்தபுரம் போய்ப் புது சுவிட்ச் வாங்கிவந்தார். ஒர்க்ஷாப்புக்குப் போகலாமே என்றேன். "இன்னொருத்தன் கை வைக்கண்டாம் மக்கா. நான்தான் மாட்டணும், அவ பாக்கணும்" என்றார். மைனியின் கட்டிலருகே போய் நின்றார். "ஏட்டி, நீ ஆஸ்பத்திரிக்கு வரண்டாம். முற்றத்துல வந்து இரி. நான் என்ன செய்யேன்னு பாத்தா மட்டும் போதும்." மைனி சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். பிறகு எழுந்து துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். அண்ணன் நாற்காலியைக் காருக்கு முன்னால் போடாமல் பக்கவாட்டில், திண்டோரமாகப் போட்டார்.

வாழ்நாள் முழுக்க வண்டி ஓட்டினவருக்கு வண்டியைப் பிரித்துப் பழக்கமில்லை. சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதே முதலில் தெரியவில்லை. போனில் பார்த்த படத்தில் இருந்தது வேறு வண்டி. என்னை உள்ளே உட்காரவைத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு லிவரை மட்டும் மாற்றச் சொன்னார். எஞ்சின் ஓடவில்லை. "டி... என்... திரும்ப டி" என்று நான் சொல்லிக்கொண்டே தள்ள, அவர் பானெட்டுக்குள் குனிந்து எது அசைகிறது என்று தேடினார். பேட்டரியும் காற்றுப் பெட்டியும் மறைத்தன. இரண்டையும் கழற்றி வெளியே வைத்தார். அதன் பிறகுதான், கீழே கியர்பாக்ஸின் தோளில், "இந்தா அனங்குது!" என்றார். லிவரிலிருந்து வரும் கேபிள் ஒரு சின்னக் கைப்பிடியை ஆட்டியது. அந்தக் கைப்பிடிக்கு அடியில் அழுக்கேறி உட்கார்ந்திருந்தது சுவிட்ச். அதன் வயரைத் தொட்டுக்கொண்டே வந்தவர் கறுப்பு டேப்பில் கையை நிறுத்தி, மைனியைப் பார்த்தார். டேப்பைச் சுரண்டி எடுத்து, முறுக்கிய வயரைப் பிரித்துக் காட்டினார். "இதுதான்" என்றார். மைனி கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

லிவரை என்-னில் வைத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்தார். கேபிளைக் கழற்றினார். நடு நட்டை எடுத்துச் சின்னக் கைப்பிடியைத் தூக்கினார். பழைய சுவிட்ச் எப்படி உட்கார்ந்திருந்தது என்று தெரிய கியர்பாக்ஸில் ஆணியால் ஒரு கோடு கீறினார். கொஞ்சம் தள்ளி மாட்டினால்கூட வண்டிக்கு டி-யும் என்-னும் மாறிப்போகும் என்றார். பிடித்திருந்த இரண்டு போல்ட்டில் ஒன்று வந்துவிட்டது. மற்றது துருவில் ஒட்டிப்போயிருந்தது. எண்ணெய் விட்டு ஊறட்டும் என்று காத்திருந்தோம். தலையை பானெட்டுக்குள்ளிருந்து வெளியே எடுக்காமலே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி அண்ணன் பேசினார்.

"பொய் சொல்லப்படாது மக்கா. தெனமும் வண்டி ஓட்டிட்டு வரும்போ, இது எப்ப முடியும்னு நெனச்சதுண்டு. நெறைய நாளு நெனச்சதுண்டு. ஆனா அவ முடியணும்னு நெனச்சதில்ல. அது வேற, இது வேறயில்லியா?"

வேறதான் என்று சொன்னேன். சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குள் கிடந்த அந்தக் கேள்வி அன்றோடு ஒழிந்தது, ஆனால் அவருக்குள் அது இருப்பதைப் பார்த்துவிட்டேன். போல்ட் ஒரு முனகலோடு வந்தது. சுவிட்சைத் தூக்கி என் கையில் போட்டார். புதியதைக் கோட்டுக்கு நேராக வைத்து முடுக்கி, வெட்டிய வயர்களை அதனதன் இடத்தில் சேர்த்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடிக்கும்போது பூவரச நிழல் மறுபக்கம் போயிருந்தது.

அண்ணன் கற்களை எடுத்துவிட்டு, லிவரை டி-யில் வைத்துக் கீழே இறங்கினார். மைனி நாற்காலியிலிருந்து எழுந்தார். மெதுவாக நடந்து காருக்கு முன்னால், அன்று விழுந்த அதே இடத்தில் போய் நின்றார். "இப்பத் திருப்புங்க" என்றார்.

அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. "அங்கன நிக்காத. தள்ளு."

"சரியா மாட்டினியள்னா எடுக்காதில்லியா? திருப்புங்க."

அண்ணன் திருப்பவில்லை. நொண்டி நொண்டிப் போய் மைனியின் தோளைப் பிடித்து ஓட்டுநர் பக்கம் கொண்டுவந்து உட்காரவைத்தார். மைனி அதற்கு முன் அந்த சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. "பிரேக்குல கால் வைக்காத. சாவிய முன்னால திருப்பு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, தான் போய்க் காருக்கு முன்னால் நின்றார், முதுகுக்குப் பின்னால் மதில் இருக்க. வேலை செய்த கை கிரீஸும் துருவுமாக இருந்தது. அதைத் துடைக்கவும் இல்லை. "திருப்பு" என்றார்.

மைனி திருப்பினார். பார்க்க முடியாமல் நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே இல்லை. "திரும்பத் திருப்பு" என்றார் அண்ணன். மறுபடியும் ஒன்றும் இல்லை. கண்ணைத் திறந்தபோது மைனி ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதுகொண்டிருந்தார். அண்ணன் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. மறுநாள் காலையில் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். விட்டுப்போன நாட்களையும் சேர்த்துக் கரண்ட் வைத்து முடித்தார்கள். ஆனால் அண்ணன் அதற்குப் பிறகு ஒருநாள்கூட வெளியே நின்று வண்டியைக் கிளப்பவில்லை. உள்ளே உட்கார்ந்து, பெல்ட் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு, மைனி ஏறிய பிறகுதான் சாவியைத் தொடுவார். மைனி அந்த சூட்டிலும் நாற்றத்திலும் முகத்தில் துண்டை வைத்துக்கொண்டு போவார். குளிரப் போடுங்கள் என்று கேட்கவில்லை. அவரும் போடவில்லை. சேர்ந்து போனார்கள், சேர்ந்து வந்தார்கள், அந்தக் காலையைப் பற்றி மட்டும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

எல்லோரும் மைனியை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தோம். போனது அண்ணன். ஒரு பங்குனி வெயிலில் மீன் வாங்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மைனிக்கு முடி திரும்ப வளர்ந்துவிட்டது, முன்பு இல்லாத சுருட்டையோடு. காரை விற்கச் சொன்னவர்களின் வாயை அடைத்துவிட்டு ஓட்டக் கற்றுக்கொண்டார். இப்போது பரிசோதனைக்குப் போகும்போது அவர்தான் ஓட்டுகிறார், நான் பக்கத்தில். ஒவ்வொரு தடவையும் முதலில் லிவரை டி-யில் வைத்துச் சாவியைத் திருப்புவார். ஒன்றும் நடக்காது. பிறகுதான் பி-க்குக் கொண்டுபோய்க் கிளப்புவார். பயம் விடவில்லை, பாவம் என்று நான் விட்டுவிட்டேன்.

போன வாரம் மாத்திரை வாங்கக் கடைக்கு வந்தார். இத்தனை நாளும் அந்தப் பழைய சுவிட்ச் இருக்கும் பக்கம்கூடத் திரும்பாதவர், அதைக் கையில் எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தார். நான் பில்லைப் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு பானெட்டுக்குள்ள தலைய விட்டுட்டு அவரு ஒன்கிட்ட சொன்னது எனக்குக் கேட்டுதுட்டி" என்றார். "அதான் முன்னால போயி நின்னேன். திருப்புவாரான்னு பாக்க."

"மைனி..."

"எனக்கும் அப்பிடித்தான் இருந்துது. எப்ப முடியும், எப்ப முடியும்னு. அத அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மனுஷன் ஆறியிருப்பாரு. சொல்லல்ல." சுவிட்சின் துளைக்குள் விரலை விட்டு ஒருமுறை சுற்றினார். "நான் டி-யில வச்சுத் திருப்புதது வண்டியப் பாக்கதுக்குன்னா நெனச்ச? அது எடுக்காமக் கெடக்குமில்லியா, அந்த ஒரு நேரம் அவரு முன்னால நிக்காரு."

மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கார் நின்றிருந்தது. மைனி ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார். கை லிவருக்குப் போனது, பிறகு சாவிக்குப் போனது. ஒரு சத்தமும் இல்லை. காருக்கு முன்னால் வெயிலில் ஒரு மின்கம்பமும் காலி நடைபாதையும்தான் இருந்தன. மைனி அங்கேயே பார்த்துக்கொண்டு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். அவர் வைத்துவிட்டுப் போன சுவிட்சை எடுத்து நான் மருந்துச் சீட்டுகளின் மேல் வைத்தேன்.